சூனியக்காரிக்கும் வீட்டுப்பாடம் உண்டு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகளுக்கு 11 வயது. பள்ளி நூலகத்திலிருந்து ஜில் மர்ஃபியின் ‘தி வொர்ஸ்ட் விட்ச்’ எடுத்து வந்து, சிரிப்பு வந்த இடங்களையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்த ருசியில் நான் ரேச்சல் ஹாக்கின்ஸின் ‘ஹெக்ஸ் ஹால்’ வாங்கினேன். இரவு இரண்டு மணிவரை கீழே வைக்கவில்லை. சூனியம், ரத்தக்காட்டேரி எல்லாம் இருந்தும் சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன். பயப்பட வேண்டிய இடத்தில் எப்படிச் சிரிப்பு வருகிறது? என் தோழி “இதெல்லாம் ஒரு வாசிப்பா?” என்கிறாள். மகளுக்கு இந்தப் புத்தகத்தையும் கொடுக்கலாமா?

ஒரு வாசகி, மதுரை

*

அன்புள்ள வாசகிக்கு,

ஜில் மர்ஃபி அந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. படித்தது லண்டன் விம்பிள்டனில் ஒரு கான்வென்ட் பள்ளி. கறுப்புச் சாயல் சீருடையில் தோழிகள் இருவரோடு வீடு திரும்பும்போது, மூன்று பேரும் சூனியக்காரிகள் மாதிரியே இருக்கிறீர்கள் என்று அம்மா சொல்வாராம். கதை பிறந்தது அங்கேதான். முதலில் சீருடை, அப்புறம்தான் சூனியம். பதிப்பாளர்களுக்கு இது பிடிபடவில்லை; குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். 1974-ல்தான் புத்தகம் வெளிவந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்தச் சீருடையில் இருக்கிறது. இந்த வகைக் கதைகளின் தாய்வீடு பேய்க்கதை அல்ல, ஆங்கிலேயர்களின் ஹாஸ்டல் பள்ளிக்கதை. 1857-ல் வந்த ‘டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்’ முதல் எனிட் பிளைட்டனின் ‘மாலரி டவர்ஸ்’ வரை அதற்கு நீண்ட மரபு உண்டு. புதிதாக வந்து சேரும் பெண், உயிர்த்தோழி, பணக்காரத் திமிர் பிடித்த எதிரி, கண்டிப்பான டீச்சர், திருட்டுத்தனமாக நள்ளிரவு விருந்து. அந்தக் கட்டிடத்துக்குள் மந்திரம் குடிவந்தால் என்ன ஆகும்? மந்திரமும் மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்!

பூனை வழங்கும் காட்சியை மறுபடி எடுத்துப் பாருங்கள். முதலாண்டு மாணவிகளுக்கு ஆளுக்கொரு கறுப்புப் பூனைக்குட்டி தரவேண்டும். சூனியக்காரிகளுக்கான பள்ளியில் படிக்கும் கதாநாயகி மில்ட்ரெட்டின் முறை வரும்போது கறுப்புக் குட்டிகள் தீர்ந்துவிட, அவளுக்குக் கிடைப்பது வரிபோட்ட குட்டி. துடைப்பத்தில் ஏறினாலே அதற்கு நடுக்கம், நகத்தால் பிடித்துத் தொங்குகிறது. இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? எல்லாருக்கும் கிடைத்தது தனக்கு மட்டும் கிடைக்காமல், கடைசியில் மிஞ்சியதை வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பும் பிள்ளையின் முகம்தான் இருக்கிறது. மில்ட்ரெட் அந்தப் பூனையை நேசிக்கிறாள். பரீட்சையில் சிரிப்பு மருந்து காய்ச்சச் சொன்னால் இவளும் தோழியும் மறைய வைக்கும் மருந்தைக் காய்ச்சிக் குடித்து மறைந்துபோகிறார்கள். வேறு கதையாக இருந்தால் அந்த இடத்தில் நமக்குக் குலை நடுங்கும். இங்கே கவலை ஒன்றுதான்: கண்டிப்பான டீச்சர் மிஸ் ஹார்ட்புரூம் என்ன சொல்வாரோ!

நானும் ஹாஸ்டலில் வளர்ந்தவள். எங்கள் ஹாஸ்டலில் மூன்றாவது குளியலறையில் பேய் இருந்தது. எல்லாருக்கும் அது நிச்சயம். விடிகாலையில் மற்ற கதவுகளெல்லாம் சாத்தியிருக்கும், காலை ஸ்டடிக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கும். அப்போது பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாவதுக்குள் போய்விடுவோம். வெளியே ஒருத்தி நின்று விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம். அந்தப் பேச்சில்தான் எங்கள் நட்பெல்லாம் வளர்ந்தது. வார்டன் மேல் இருந்த பயத்துக்குமுன் பேய் மேல் இருந்த பயம் நிற்கவில்லை.

‘ஹெக்ஸ் ஹால்’ 2010-ல் வந்தது. அமெரிக்காவில், ஜார்ஜியா கடலோரத்துக்கு அப்பால் ஒரு தீவில் இருக்கும் மந்திரப் பள்ளியில் நடக்கும் கதை, பெரிய பிள்ளைகளுக்கானது. அதன் உயிர் ஜென்னாதான் என்பேன். அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரே ரத்தக்காட்டேரி. எல்லாரும் அவளைக் கண்டு ஒதுங்க, அறைத்தோழி சோஃபி மட்டும் ஒதுங்குவதில்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார ஆளில்லாத பிள்ளையை நாம் எல்லா வகுப்பிலும் பார்த்திருக்கிறோம். அவள் கதையை நேரடியாகச் சொன்னால் பதின்வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். இளஞ்சிவப்பு என்றால் உயிரை விடும் ஒரு ரத்தக்காட்டேரியின் கதை என்றால் கடைசிவரை கூடவே வரும். தண்டனையைப் பாருங்கள்: நிலவறையில் மந்திரப் பொருட்களைக் கணக்கெடுக்க வேண்டும். சோஃபியும் சக மாணவன் ஆர்ச்சரும் நெருங்குவது அந்தத் தண்டனை நேரத்தில்தான்.

ஊர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீ’யிலும் மந்திரப் பள்ளி உண்டு, 1968-லேயே. ஆனால் அங்கே செருக்கில் ஒரு மாணவன் செய்யும் மந்திரத்தால் ஒரு நிழல் அவிழ்ந்து வந்து அவனைத் துரத்துகிறது. எந்த ஆசிரியரும் தண்டனை கொடுத்துத் தீர்த்துவைக்க முடியாத தவறு அது. அதனால் அங்கே சிரிப்புக்கு இடமில்லை. மில்ட்ரெட்டின் தவறுகளுக்குத் திட்டு உண்டு, திட்டு முடிந்ததும் அடுத்த பீரியட் உண்டு. ‘ஹெக்ஸ் ஹால்’ வரிசையின் இரண்டாவது புத்தகம் பள்ளியை விட்டு இங்கிலாந்தில் ஒரு மாளிகைக்குப் போய்விடுகிறது. மணியும் இல்லை, வகுப்பும் இல்லை; எனக்கு அங்கே கலகலப்பு குறைந்துவிட்டது.

உங்கள் தோழிக்கு: 11 வயதுப் பெண் தானாக ஓடிவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். வாசிப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

மகளுக்கு ‘ஹெக்ஸ் ஹால்’ இப்போது வேண்டாம். அதில் மரணம் இருக்கிறது, காதலும் இருக்கிறது. 13, 14 வயதில் கொடுங்கள், அப்போது ஜென்னாவை அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதுவரைக்கும் மில்ட்ரெட் இருக்கிறாள். ஜில் மர்ஃபி அந்த வரிசையில் மொத்தம் 8 புத்தகங்கள் எழுதியிருக்கிறார். கடைசியாக வந்தது 2018-ல். உங்கள் வீட்டில் இன்னும் ஏழு பாக்கி.

அன்புடன்.