அண்ணன் தம்பி சண்டை

கேள்வி: ராக்கில் ஜான் பான்ஹம், ஜாஸில் எல்வின் ஜோன்ஸ். யார் பெரிய டிரம்மர்? வீட்டில் எனக்கும் தம்பிக்கும் தினமும் இதே சண்டை!

பதில்: சண்டையை என்னால் தீர்க்க முடியாது, நானே கட்சி மாறியவன். கல்லூரி நாட்களில் பான்ஹம் கட்சி. அவர் வாசித்த ராக் குழுவான லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தில் (1971) கடைசிப் பாட்டைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டில் விழும். 1980-இல், 32 வயதில் அவர் இறந்ததும் குழுவே கலைந்துவிட்டது.

இப்போது வயசாகிவிட்டது, எல்வின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அறுபதுகளில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் வாசித்தவர். இரண்டு கை, இரண்டு கால், ஒவ்வொன்றும் தனிக் கணக்குப் போடும். விரல் விட்டு எண்ணப் போய்ப் பலமுறை தோற்றிருக்கிறேன். கால் மட்டும் தானாக ஆடும்.

அப்புறம், சண்டையில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரை யாரும் இளப்பமாகப் பேசாதீர்கள். இடதுகைக்காரர், வலதுகைக்காரர்களுக்கான டிரம் செட்டில் வாசித்தார். அவருடைய உருட்டல்கள் அப்படி விநோதமாக விழுவது அதனால்தான். தம்பியை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்!