சைக்கிள் கேள்வி-பதில்: விலை கூடிய பெடலும் வலிக்கிற முழங்காலும்

கேள்வி: ரோடு பைக்கில் ஷிமானோ 105 பெடல், சிவப்பு கிளீட் (ஷூவின் அடியில் திருகி, பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டு) போட்டு ஓட்டுகிறேன். தூரம் கூடினால் இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது. டுரா-ஏஸ், லுக் கியோ பிளேடு, ஸ்பீட்பிளே மூன்றில் எந்தப் பெடலை வாங்கலாம்?
– வாசகர், கோவை

பதில்: பர்ஸைத் திறக்கும் முன் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். எனக்கு முதல் சந்தேகம் அந்தச் சிவப்பு கிளீட் மேல்தான். அதில் குதிகால் பக்கவாட்டில் அசைய இடமே கிடையாது, 0 டிகிரி. நீலத்தில் 2, மஞ்சளில் 6. இயல்பாகவே கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பிய பாதத்தை நேராகப் பூட்டிவைத்து மணிக்கணக்கில் மிதித்தால், அந்தத் திருகலை முழங்கால்தான் வாங்கிக்கொள்ளும். சிவப்பு போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்பவர்களுக்கு முழங்கால் வலிப்பதில்லை!

ஷிமானோவின் 105, அல்டெக்ரா, டுரா-ஏஸ் பெடல்கள் மூன்றுக்கும் ஒரே கிளீட். அதே சிவப்போடு டுரா-ஏஸுக்குப் போனால் வலியும் கூடவே வரும். எடையும் பெரிய விஷயமில்லை. ஆர்7000 வரிசை 105 ஜோடி 265 கிராம், ஆர்9100 டுரா-ஏஸ் 228 கிராம். வித்தியாசம் 37 கிராம், பாட்டிலில் ஒரு வாய்த் தண்ணீர்.

லுக் பனிச்சறுக்குப் பூட்டுகள் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனம். அந்தப் பூட்டைச் சைக்கிளுக்கு 1984இல் கொண்டுவந்தார்கள். மறு வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். கியோ பிளேடில் கிளீட்டைப் பிடித்துக்கொள்ளச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் கார்பன் பட்டை. பல மாடல்களில் இறுக்கத்தை மாற்றப் பட்டையையே மாற்ற வேண்டும். ஷிமானோவில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் போதும். பிளேடு வாங்கினால் மிக இறுக்கமான 20 எண் பட்டை வேண்டாம். குதிகாலைப் பலமாகத் திருகித்தான் கழற்ற வேண்டும், வலிக்கிற காலுக்கு அது தண்டனை.

ஸ்பீட்பிளே வேறு ஜாதி. பூட்டு பெடலில் இல்லை, கிளீட்டில் இருக்கிறது. பெடலை எந்தப் பக்கம் மிதித்தாலும் மாட்டும். ஸீரோ மாடலில் 0 முதல் 15 டிகிரி வரை அசைவை நீங்களே வைத்துக்கொள்ளலாம், உள்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனியாக. முழங்கால் தொல்லை உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் அந்த கிளீட்டோடு மண்ணில் நடந்தால் போச்சு. மணல் புகுந்து மாட்டவே மாட்டாது.

என் யோசனை: இப்போதைக்கு மஞ்சள் கிளீட் மட்டும் வாங்குங்கள். சீட் உயரத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சில வாரம் ஓட்டுங்கள். வலி குறைந்தும் பூரணமாகப் போகவில்லை என்றால் ஸ்பீட்பிளே ஸீரோ, ஸ்டீல் அச்சு போதும். குறையவே இல்லையென்றால் பெடல் கடைக்குப் போகாதீர்கள், பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். வலி போன பிறகும் புதுப் பெடல் ஆசை போகவில்லையா? சரி, அல்டெக்ரா வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல ஷூ.

கேள்வி: இடது பெடல் எவ்வளவு முக்கினாலும் கழலவில்லை. துரு ஏறிவிட்டதா?
– வாசகி, திருச்சி

பதில்: துருவாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் இறுக்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. இடது பெடலின் மரை தலைகீழ். ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்தை நோக்கித் தள்ளுங்கள். வலதோ இடதோ, இரண்டும் அப்படித்தான் கழலும். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.