கேள்வி பதில்: பேரரசரும் புது நெல்லும்

கோப்பாய் வாசகி ஒருவர் கேட்கிறார்: ஜப்பானில் அரசரே ஷின்தோ என்ற அந்நாட்டுப் பழைய தெய்வ வழிபாட்டின் சடங்குகளை நடத்துவாராம், அதனால்தான் அந்த வம்சம் கவிழாமல் நின்றதாம். சடங்கு செய்தால் ஆட்சி நிலைக்குமா?

பதில்: வம்சம் நின்றது உண்மை, ஆட்சி நிற்கவில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வாளும் வரியும் மெல்ல மெல்ல ஷோகன்மார் என்ற படைத்தலைவர்களின் கைக்குப் போயின, பேரரசருக்குப் பட்டம் கொடுக்கும் உரிமைதான் பெரிதாக மிஞ்சியது. அந்தப் பட்டம் ஷோகனுக்கும் தேவைப்பட்டதால்தான் வம்சத்தை யாரும் கலைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அதற்காகச் சடங்குக்கு அரசியலில் வேலையே இல்லை என்று சொல்லமுடியாது. 672இல் உள்நாட்டுப் போரில் வென்ற பேரரசர் தென்மு, மறுவருடமே தாய்ஜோசாய் என்ற புது நெல் சடங்கை நடத்தினார். தைப்பூசத்தையொட்டி நாங்கள் புதிர் எடுப்பதுபோல அங்கும் ஆண்டுதோறும் முதல் நெல்லைப் படைப்பார்கள், புதிதாக அரியணை ஏறிய பேரரசர் ஒரேயொரு முறை அதை மிகப் பெரிதாகச் செய்வதுதான் தாய்ஜோசாய். ஆமையோட்டைச் சுட்டு, அதில் விழும் வெடிப்பை வைத்துக் குறி பார்த்து இரண்டு மாகாணங்களைத் தெரிவார்கள், அங்கே விளைந்த நெல்லைத் தலைநகருக்குக் கொண்டுவருவார்கள், அதற்கென்றே கட்டிய மரக் கட்டடங்களில் இரவில் பேரரசர் தெய்வத்துக்குப் படைத்துத் தானும் உண்பார், முடிந்ததும் அவற்றைப் பிரித்துவிடுவார்கள். எங்கோ இருக்கும் ஒரு மாகாணம் தன் வயல் நெல்லைக் கொண்டுவந்து கொடுக்கிறதென்றால், நீதான் எங்களுக்கு அரசன் என்று எல்லாரும் பார்க்க ஒப்புக்கொள்வதுதானே?

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டாம் மாதத்தில் விளைச்சல் வேண்டி நடந்த கினென்சாய். தெய்வ காரியங்களுக்கென்று ஜிங்கிகான் என்றொரு தனித் திணைக்களம் இருந்தது, நாடெங்குமுள்ள பூசகர்கள் அங்கே வந்து பட்டும் மற்றப் பொருட்களும் வாங்கிப்போய்த் தங்கள் தெய்வத்துக்குப் படைக்கவேண்டும். 927இல் தொகுத்து முடித்த எங்கிஷிகி என்ற அரச விதித் தொகுப்பில் 3,132 தெய்வங்கள் பதிவாகியிருக்கின்றன. பூசகர் தலைநகருக்கு வந்து கைநீட்டி வாங்கும்வரை அவர் ஊர்த் தெய்வமும் அரசின் கணக்கில்தான். ஆனால் பூசகர்களின் வரத்துக் குறைந்து, 798இலேயே தூரத்துக் கோயில்களுக்கு மாகாண ஆளுநர் கொடுக்கட்டும் என்று மாற்றவேண்டி வந்தது. வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று 914இல் மியோஷி கியோயுகி என்ற அரசவை அறிஞர் பேரரசருக்கு எழுதியிருக்கிறார்: பெரிய அதிகாரிகளின் கண்முன்னாலேயே பட்டை மடியில் செருகிக்கொண்டு, ஈட்டியின் காம்பை எறிந்துவிட்டு முனையை மட்டும் எடுத்து, சாடி மதுவை அங்கேயே குடித்து முடித்தார்கள், தெய்வத்துக்கான குதிரைகளை வாசலுக்கு வெளியே வியாபாரிகள் வாங்கிப்போனார்கள். வாசிக்கவே மனம் நோகிறது, ஒரு அரசு உள்ளுக்குள் உளுத்துப்போவதை இதைவிடத் தெளிவாக எந்தப் போர்க் கதையிலும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் காசும் இல்லாமல் போயிற்று. 1466க்குப் பிறகு 221 வருடம் தாய்ஜோசாய் நடக்கவேயில்லை! 1467இல் தொடங்கிய ஓனின் போர் என்ற உள்நாட்டுப் போரில் தலைநகர் கியோத்தோ எரிந்தது, அரண்மனைக்கு வந்துகொண்டிருந்த நிலவருமானம் வற்றியது. 1500இல் அரியணைக்கு வந்த கோ-கஷிவபாரா, முடிசூட்டு விழாவுக்கே 1521வரை காத்திருந்தார். தாய்ஜோசாய் 1687இல் திரும்பவும் நடந்ததுகூட ஷோகன் அரசு இணங்கியதால்தான்.

அதே வாசகி: சூரிய தேவியின் இசே கோயிலுக்கு இளவரசிகளை அனுப்பினார்களாமே?

பதில்: ஓம், மணமாகாத அரசகுலப் பெண் ஒருவரைக் குறி பார்த்துத் தெரிந்து அனுப்புவார்கள். அவர் கோயிலிலேயே இருப்பதில்லை, சற்றுத் தள்ளி அவருக்கென்று ஒரு மாளிகை, வருடத்தில் மூன்று தரம் பெரிய சடங்குகளுக்குக் கோயிலுக்குப் போவார். பேரரசர் இறந்தாலோ பதவி விலகினாலோ ஊர் திரும்பலாம். இந்த வழக்கம் 14ஆம் நூற்றாண்டில் பேரரசர் கோ-தைகோ காலத்தோடு நின்றது.