காசு கொடுக்குமுன் படத்தைப் பாருங்கள்: கேள்வி – பதில்

ஆவணியில் மகளுக்குக் கலியாணம். மூன்று ஸ்ரூடியோக்களின் மாதிரி அல்பங்களைப் பார்த்தோம். மூன்றுமே கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப்போல இரண்டு மடங்கு. எதை வைத்துத் தெரிவு செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

மாதிரி அல்பத்தை மூடி வையுங்கள். பல வருடங்களில் எடுத்த பல கலியாணங்களிலிருந்து பொறுக்கிய முப்பது நாற்பது படங்கள்தான் அதில் இருக்கும். அப்படிப் பொறுக்கினால் யாருடைய அல்பமும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு கலியாணத்தின் முழுத் தொகுப்பை. அதுவும் உங்கள் முகூர்த்தம் வரும் அதே நேரத்தில், மண்டபத்துக்குள் நடந்த கலியாணமாக இருக்கட்டும். காலி முகத்திடலில் அந்தி வெயிலில் எடுத்த சோடிப் படங்கள் இதற்கு உதவாது. அந்த வெளிச்சத்தில் கைத்தொலைபேசிகூட நல்ல படம் எடுக்கும்.

தொகுப்புக் கைக்கு வந்ததும் நேரே தாலி கட்டும் இடத்துக்குப் போங்கள். ஐயர், தோழன், தோழி, இரு வீட்டார், கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தவர்கள் என்று எல்லாரும் நெருங்கி நிற்கும் அரை நிமிடம் அது. தொழில் தெரிந்தவர் அதற்குப் பத்து நிமிடம் முன்பே இடம் பிடித்திருப்பார். தொடர்ச்சியாக ஏழெட்டுப் படங்கள் இருக்கின்றனவா, தாலியும் விரல்களும் கூர்மையாக விழுந்திருக்கின்றனவா, அல்லது ஐயரின் தோள் கூர்மையாகவும் தாலி மங்கலாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒரேயொரு படம், அதுவும் கிட்டவாக வெட்டி எடுத்தது என்றால், மற்றவை தவறிவிட்டன என்று அர்த்தம்.

அடுத்தது ஓமப் புகை. கமராவின் தலையில் பூட்டிய ஃபிளாஷை நேரே அடித்தால் அந்த வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைத் துணி போர்த்தியதுபோல ஆகிவிடும். விஷயம் தெரிந்தவர் ஃபிளாஷைப் பக்கத்தில் தனியே நிறுத்துவார், அல்லது கூரையில் பட்டுத் தெறிக்க வைப்பார். உங்கள் மண்டபத்தின் கூரை உயரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் தெறிக்க வைப்பதும் சரிவராது. அப்போது என்ன செய்வார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில்.

படங்களில் குறுக்கே மங்கலான பட்டிகள் ஓடுகின்றனவா? மலிவான எல்ஈடி விளக்குகளின் வேலை அது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். கமராவுக்குள் வெளிச்சத்தை விடும் திரையான ஷட்டர் அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் துடிப்பின் ஒரு பகுதிதான் படத்தில் விழும். 1/100 அல்லது 1/50 செக்கனில் எடுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். பட்டியுள்ள படத்தை அப்படியே வாடிக்கையாளரிடம் கொடுத்தவர் அதைக் கவனிக்கவே இல்லை.

இனி, எல்லாரும் பார்க்கத் தவறுவது கூறைச்சேலை. கடுஞ்சிவப்புப் பட்டில் சிவப்பு நிறம் மட்டும் கமரா பதியக்கூடிய எல்லையைத் தனியே கடந்துவிடும். நெசவும் மடிப்பும் அழிந்து, சாயம் ஊற்றிய தகடுபோலத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிச் சேலையின் கரையைப் பாருங்கள், சரிகை இழை இழையாகத் தெரிய வேண்டும். அப்படியே முகத்தையும் கழுத்தையும் ஒப்பிடுங்கள். முகம் மட்டும் வெளுத்திருந்தால் அந்த ஸ்ரூடியோவில் எல்லாரையும் வெள்ளையடிக்கும் பழக்கம் இருக்கிறது. உங்கள் மகளின் நிறம் படத்திலும் அவளுடைய நிறமாகவே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஒப்பந்தத்தில் மேலும் எழுத வேண்டியவை: எடுக்க வருபவரின் பெயர் (கடைப் பெயர் அல்ல, ஒரே நாளில் மூன்று ஓடர் எடுத்துவிட்டு உங்களுக்கு உதவியாளரை அனுப்பும் கடைகள் உண்டு), எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், திருத்திய படங்கள் எத்தனை, முழு அளவுக் கோப்புகள் தருவார்களா, அல்பத்தின் அளவும் பக்கமும், மாதிரிப் பக்கங்களை எத்தனை தடவை மாற்றலாம், கையில் கிடைக்கும் திகதி. ட்ரோன் பறக்க விடுவதானால் அதற்குரிய பதிவும் அனுமதியும் எடுப்பது அவர்கள் பொறுப்பு என்றும் ஒரு வரி போடுங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். அல்பம் கைக்கு வரும்வரை நான்கில் ஒரு பங்காவது உங்களிடம் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி: கமராவில் இரண்டு மெமரி காட் போட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவார்களா? ஒற்றைக் காட் பழுதானால் அந்த நாள் திரும்பி வராது. விலை வித்தியாசத்தின் ஒரு பகுதி இதற்குத்தான், மிச்சம் கண்ணுக்கும் அனுபவத்துக்கும். முழுத் தொகுப்பைக் காட்ட மறுப்பவர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பாவித்த நிக்கோன் டி750 ஒன்றும் 50 மில்லிமீற்றர் லென்ஸும் விற்பனைக்கு இருக்கின்றன. படம் பழகத்தான். விற்பவர் வீட்டில் கால் மணி நேரம் பார்க்கலாம் என்கிறார். எதைச் சோதிப்பது?
– மாணவர், கொட்டாஞ்சேனை

ஈரக் காற்றுள்ள கொழும்பில் முதல் சோதனை கமரா அல்ல, லென்ஸ். அதைக் கழற்றி, பின்பக்கத்திலுள்ள சிறிய நெம்பை விரலால் தள்ளி, வெளிச்சம் புகும் துவாரத்தை முழுதாகத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து சிறு டோர்ச் அடித்து மறுபக்கத்தால் சரிவாகப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும், நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோலக் கிளைவிட்ட நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். ‘துடைத்தால் போய்விடும்’ என்பார்கள். மேல் கண்ணாடியில் என்றால் போகலாம். உள்ளே என்றால் லென்ஸைப் பிரிக்க வேண்டும், அதற்குள் அது கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் அடையாளம் நிரந்தரம். 50 மில்லிமீற்றர் மலிவான லென்ஸ், பூஞ்சணம் கண்டால் வாதாடாமல் விட்டுவிடுங்கள். துவார இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் அப்படித்தான், அவை ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடும்.

பிறகு கமராவின் உடல். உங்கள் சொந்த மெமரி காட்டைப் போட்டு ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பை மாற்றாமல் கணினியில் பாருங்கள். நிக்கோன் கோப்புக்குள்ளேயே ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்ற எண் இருக்கும். டி750இன் ஷட்டர் 150,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. 40,000 என்றால் தாராளமாக வாங்கலாம். 130,000 என்றால் ஷட்டர் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஆனால் எண் மட்டும் போதாது. கலியாண வேலைக்கு ஓடிய கமராவின் பிடி ரப்பர் வழுவழுப்பாகி ஓரம் கிளம்பியிருக்கும், ஃபிளாஷ் பூட்டும் இடம் தேய்ந்து வெள்ளி தெரியும். எண் சிறிது, தேய்மானம் பெரிது என்றால் ஷட்டர் மாற்றியதா என்று கேளுங்கள்.

இந்த மாடலுக்கென்றே ஒரு சோதனை உண்டு. 2014இல் வந்த டி750களில் சில தொகுதிகளின் ஷட்டர் சரியாக இயங்காமல் போகலாம் என்று நிக்கோனே 2015இல் அறிவித்தது, பின்னர் அதை மேலும் பல தொகுதிகளுக்கு விரித்தது. அடியில் இருக்கும் தொடர் இலக்கத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அந்த அறிவித்தலில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் திருத்திய ரசீது இருக்க வேண்டும்.

மிச்ச நேரத்தில் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சிறிதாக்கி வெள்ளைச் சுவரை மங்கலாக எடுத்தால், படம் பதியும் சென்சரில் உள்ள தூசியும் கீறலும் தெரியும். சென்சரைச் சுத்தமாக்கினால் தூசி நகரும், கீறல் ஒரே இடத்தில் நிற்கும். மூடி போட்டு 30 செக்கன் எடுத்தால் பழுதான ‘ஹொட்’ பிக்சல்கள் வெளிச்சப் புள்ளிகளாக வரும். இரண்டு காட் துளைகளையும் சோதியுங்கள். பற்றரி அறை, லென்ஸ் பூட்டும் வளையம், திருகுகள் ஆகியவற்றில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கடற்காற்றில் இருந்த கமரா அது. வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் கடலோர வீடுகளில் இது சர்வசாதாரணம். உள்ளே மின்சுற்றுப் பலகையும் அப்படித்தான் இருக்கும், அது எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

கமராவை அரிசிப் பானைக்குள் வைத்தால் பூஞ்சணம் வராதாமே?
– வாசகர், மருதானை

அரிசியைச் சோற்றுக்கு வைத்திருங்கள். அது ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, மாவுத் தூசியோ லென்ஸ் வளையத்துக்குள் போகும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாச் சாப்பாட்டுப் பெட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 200 முதல் 250 கிராம், ஒரு சிறிய ஈரமானி, இவ்வளவும் போதும். முள் 40க்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். 60ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். 30க்குக் கீழே போனால் லென்ஸின் மசகு காயலாம். ஜெல்லின் செம்மஞ்சள் மணி பச்சையானதும் தட்டில் பரப்பி 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் மறுபடி பாவிக்கலாம். தோல் உறை மட்டும் பெட்டிக்குள் வேண்டாம், பூஞ்சணத்துக்கு அதுதான் வீடு.

பழைய பொருட்கள் விற்பவர் ஒருவர் லயனல் வென்ட் எடுத்த படம் என்று ஒன்றைக் காட்டுகிறார். ‘மூல நெகட்டிவிலிருந்து புதிதாகப் போட்டது, அதனால்தான் இவ்வளவு தெளிவு’ என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

அந்த ஒரு வசனமே அவரைக் காட்டிக் கொடுக்கிறது. இலங்கைப் புகைப்படக் கலைஞரான வென்ட் 1944இல் இறந்தார். அதன்பின் அவருடைய நெகட்டிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே இன்று கிடைக்கக்கூடியவை இரண்டே வகை: அவர் காலத்துப் பிரிண்ட், அல்லது அப்படியொரு பிரிண்டிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ பிரதி செய்தது. அவருடைய இருட்டறை வேலைதான் அவருடைய கலையில் பாதி. ஒளியூட்டி விளிம்புகளைக் கோடாக்குவது, படத்தின்மேல் படம் வைத்துச் சேர்ப்பது எல்லாம் அங்கே நடந்தவை. அதனால் முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

பத்து மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். ஒழுங்கான வலைபோலப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுத் தாள். 1950இல் லண்டனில் அவருடைய படத்தொகுப்பு ஒன்று வெளிவந்தது, அப்படியான புத்தகத்தின் பக்கத்தை வெட்டிச் சட்டமிட்டால் பார்ப்பவருக்குப் பிரிண்ட்போலத்தான் தெரியும். ஒழுங்கில்லாமல் தெளித்த நுண்புள்ளிகள் என்றால் மைப் பிரிண்டரில் எடுத்தது. வெள்ளி உப்புத் தாளில் புள்ளியே இருக்காது, சாம்பல் நிறம் வழுக்கிக்கொண்டு மாறும். பழையதில் கரும்பகுதிகளின் ஓரத்தில், சரித்துப் பார்த்தால் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரியும்.

இருட்டில் ஊதாக்கதிர் டோர்ச்சை அடித்தும் பாருங்கள், பணத்தாள் பார்க்கும் டோர்ச்சே போதும். புகைப்படத் தாளில் வெண்மையூட்டும் இரசாயனம் சேர்க்கும் வழக்கம் 1950களில்தான் வந்தது. தாள் நீலமாக ஒளிர்ந்தால் 1944க்கு முன் போட்டதாக இருக்க முடியாது. ஒளிராவிட்டால் பழையது என்று நிரூபணமாகிவிடாது, பொய் என்று சொல்ல ஒரு காரணம் குறைகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்க வேண்டியது அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற எழுத்து ஆதாரம்.

சுவருக்கு அழகாக வேண்டுமென்றால் நல்ல பிரதியைப் பிரதி விலைக்கு வாங்குவதில் தவறில்லை. இன்று படம் எடுப்பவர்களின் பிரிண்டை வாங்கினால் இன்னும் நல்லது, காசு எடுத்தவர் கைக்கே போகும். பென்சிலில் 3/10 என்று எழுதியிருந்தால் மொத்தம் பத்து, இது மூன்றாவது. அந்தப் பத்து இந்த அளவில் மட்டுமா, வேறு அளவில் இன்னும் பத்து உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சட்டமிடும்போது கண்ணாடி படத்தில் தொடாதபடி நடுவில் அமிலமற்ற அட்டை வையுங்கள். எங்கள் ஈரக் காற்றில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் கிழியும்.

குடும்பப் படம் ஒன்றை 12க்கு 18 அங்குலத்தில் போடக் கொடுத்தேன். தொலைபேசியில் கண்ணாடிபோல இருந்தது, பிரிண்டில் கலங்கிவிட்டது. கடைக்காரர் மிஷினில் பிழையில்லை என்கிறார்.
– வாசகி, பம்பலப்பிட்டி

வட்ஸ்அப்பில் வந்த படமாக இருந்தால் கடைக்காரர் சொல்வது சரி. சாதாரண தரத்தில் அனுப்பினால் நீள்பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 18 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 89 பிக்சல்தான், கையில் பிடித்துப் பார்க்க 300 வேண்டும், சுவருக்கு 200 போதும். எடுத்தவரிடம் மூலக் கோப்பை ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 24 மெகாபிக்சல் கமராவில் 6000 பிக்சல் இருக்கும், தாராளம். 16க்கு 20 கேட்டுவிடாதீர்கள், கமராப் படத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். குடும்பப் படத்தில் அந்தப் பங்கில் நிற்பது யாரோ ஒரு சித்தப்பாவாகத்தான் இருக்கும்.

மகளின் சாமத்தியச் சடங்குப் படத்தை ஸ்ரூடியோ எங்களைக் கேளாமல் கடை வாசலில் மாட்டியிருக்கிறது. அல்பமும் இன்னும் வரவில்லை. காசு கொடுத்தது நாங்கள், படம் எங்களுடையதுதானே?
– பெற்றோர், கிராண்ட்பாஸ்

காசு கொடுத்ததால் மட்டும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி முதல் உரிமை படத்தை ஆக்கியவருக்கு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் எடுத்தது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்கு. அந்த உரிமை கைமாற எழுத்தும் கையொப்பமும் வேண்டும். ஆனால் பதிப்புரிமை வேறு, பிள்ளையின் முகத்தை விளம்பரத்துக்கு வைப்பது வேறு. பிள்ளை வயது குறைந்தவர், பெற்றோர் சம்மதம் இல்லை, இத்தனை நாளுக்குள் எடுத்துவிடுங்கள் என்று திகதியிட்டுக் கடிதம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். வாசலில் மாட்டியதை இன்றே ஒரு படமும் எடுத்து வையுங்கள். இனி ஓடர் கொடுக்கும்போது ‘எங்கள் எழுத்துமூலச் சம்மதமின்றிக் காட்சிப்படுத்தக் கூடாது’ என்ற ஒரு வரியை ரசீதிலேயே எழுதுவியுங்கள்.

அல்பத்துக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம், தொலைபேசி 1977. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை விற்ற அல்லது சேவை வழங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘அடுத்த கிழமை, அடுத்த கிழமை’ என்ற பேச்சில் அந்த மூன்று மாதமும் போய்விடும். ரசீது தராமல் முற்பணம் வாங்கியிருந்தால் இப்போதாவது கேளுங்கள், கேட்டால் கொடுப்பது விற்பவரின் கடமை. அதுவரை வட்ஸ்அப்பில் அவர்கள் சொன்ன திகதிகளை அழிக்காமல் வைத்திருங்கள்.