கேம்பர் வேனின் சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் பேட்டரி ஏறவில்லை. சார்ஜரை மாற்ற வேண்டுமா?

வெளி மின் இணைப்பில் இரவு முழுவதும் வேனை மாட்டி வைத்தும், சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தும், இணைப்பை எடுத்த சிறிது நேரத்தில் உள்விளக்குகள் மங்கிவிடுவதாகச் சொல்கிறீர்கள். இப்போதைக்குப் புதிய சார்ஜர் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். இதே அறிகுறியைப் பார்த்து நான் முதலில் பேட்டரியை மாற்றினேன். பிறகு சார்ஜரையும் கழற்றினேன். உண்மையான கோளாறு இரண்டுக்கும் நடுவே, எதிர்முனைக் கேபிளின் ஒரு லக்கில், அதாவது கம்பி நுனியில் போல்ட்டோடு இணைக்கும் உலோக வளையத்தில் இருந்தது.

பச்சை விளக்கு என்ன சொல்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான சார்ஜர்கள் பேட்டரியின் நிலையை நேரடியாக அறிவதில்லை; தம் சொந்த டெர்மினலில் உள்ள மின்னழுத்தத்தையும், அங்கிருந்து வெளியேறும் மின்னோட்டத்தையும் மட்டுமே பார்க்கின்றன. 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்கான சார்ஜர் ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை ஏற்றி, மின்னோட்டம் குறைந்ததும் பேட்டரி நிறைந்துவிட்டது என்று முடிவு செய்து, 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கிப் பச்சை காட்டும். வழியில் ஃபியூஸ் போயிருந்தாலோ, இணைப்பு தளர்ந்திருந்தாலோ மின்னோட்டம் எப்படியும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே அப்போதும் அதே பச்சைதான் எரியும். காலியான பேட்டரியை மாட்டிய சில நிமிடங்களிலேயே பச்சை வந்தால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் சந்தேகிக்க வேண்டும்.

அளக்கத் தொடங்குமுன் மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே உலோகம் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஈய அமில பேட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் கதவுகள் திறந்திருக்கட்டும். மல்டிமீட்டர் மின்னழுத்த நிலையில்தான் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். கூரையில் சோலார் தகடு இருந்தால் அதைத் துண்டியுங்கள், இல்லையெனில் அதன் அழுத்தமும் சேர்ந்து உங்கள் அளவீட்டைக் குழப்பும்.

சார்ஜர், சோலார், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரியை மட்டும் அளந்தால், நிறைந்த ஈய அமில பேட்டரி ஏறத்தாழ 12.7 வோல்ட்டும், பாதி இறங்கியது 12.2 வோல்ட்டும் காட்டும். நிறைந்திருந்தால் ஒரு மணி நேரம் விளக்குகளைப் போட்டுச் சற்று இறக்குங்கள்; மின்னோட்டம் ஓடாதபோது மோசமான இணைப்பும் நல்ல இணைப்பைப் போலவே காட்டும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்து, சார்ஜரை இயக்கி, அதன் வெளியீட்டு டெர்மினல்களில் ஒரு முறையும் பேட்டரி முனைகளிலேயே ஒரு முறையும் அளந்து, இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். என் வேனில் சார்ஜரில் 14.4, பேட்டரியில் 13.2 வந்தன, அப்போது ஓடிய மின்னோட்டம் 12 ஆம்பியர். நடுவில் தொலைந்த 1.2 வோல்ட், 12 ஆம்பியரோடு பெருக்கினால் 14 வாட்டுக்கு மேல் வருகிறது. அத்தனையும் ஒரே இடத்தில் வெப்பமாகிக்கொண்டிருந்தது, அதுவும் படுக்கைக்கு அடியில். இதனால்தான் இந்தக் கோளாறைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன். பேட்டரி இறங்குவது தொல்லை மட்டுமே, சூடாகும் இணைப்போ தீ விபத்தில் முடியலாம்.

வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், மீட்டரின் ஒரு முனையை சார்ஜரின் நேர்முனையிலும் மற்றதை பேட்டரியின் நேர்முனையிலும் வைத்து அளந்து, பிறகு எதிர்முனைப் பக்கமும் அப்படியே செய்தால், எந்தக் கம்பியில் இழப்பு என்பது தெரிந்துவிடும். பிறகு ஃபியூஸ் ஹோல்டர், லக், சேசிஸ் (வேனின் உலோகச் சட்டம்) போல்ட் என்று இணைப்பு இணைப்பாக நகர்ந்து வாருங்கள். எதிர்முனைப் பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெயின்ட்டின் மேல் முடுக்கிய சேசிஸ் போல்ட்டில் துரு ஏறுவது மிகச் சாதாரணம். இடத்தைக் கண்டுபிடித்ததும் மின்சாரத்தை நிறுத்தி, எதிர்முனையை முதலில் கழற்றி, உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டிச் சுத்தம் செய்து, லக்கைப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கம்பியின் மேல் இறுக்கி நசுக்குங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு, அதுவும் 13 வோல்ட்டுக்குக் கீழேயே நின்றால்தான் சார்ஜரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பேட்டரி மிக ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே போன பேட்டரியைக் கண்டால் பல சார்ஜர்கள் தொடங்கவே மறுக்கும். பாதுகாப்புச் சுற்று துண்டித்துக்கொண்ட லித்தியம் பேட்டரியிலும் இதேதான் நடக்கும். விசிறியில் தூசி அடைத்து, மூடிய அலமாரிக்குள் வெந்து, தானாக மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரும் உண்டு. இவை எதுவும் இல்லையென்றால், பாதி இறங்கிய, நல்ல நிலையில் உள்ள வேறொரு 12 வோல்ட் பேட்டரியைக் குட்டையான தடித்த கம்பிகளால் நேரடியாக மாட்டிப் பாருங்கள். அதற்கும் ஏற்றவில்லை என்றால் சார்ஜர்தான் பழுது. மூடியைத் திறக்காதீர்கள்: உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் பிளக்கை எடுத்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

புதியதை வாங்கினால், மாட்டிய அன்றே அதன் பேட்டரி வகைத் தேர்வைச் சரிபாருங்கள். லித்தியம் அல்லது ஜெல் பேட்டரிக்கு, செல்களைச் சமன்படுத்த வழக்கத்தைவிட அதிக மின்னழுத்தம் கொடுக்கும் நிலை கட்டாயம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.