அனுபவக் கடிதமும் தருகிறோம் என்கிறார்கள், மெடிக்கல் கோடிங் வகுப்பில் சேரலாமா?

கேள்வி: நான் நுண்ணுயிரியல் பட்டதாரி. மெடிக்கல் கோடிங் (டாக்டர் குறிப்பில் இருக்கும் நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை) சொல்லித்தரும் ஒரு மையத்தில் மூன்று மாதப் பயிற்சி, சிபிசி தேர்வு, வேலை மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்கிறார்கள். பாஸ் ஆனதும் பேருக்குப் பின்னால் வரும் 'ஏ' என்ற எழுத்தை நீக்க இரண்டு வருட அனுபவக் கடிதமும் அவர்களே ஏற்பாடு செய்து தருவார்களாம். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொல்கிறார்கள். நம்பிச் சேரலாமா?

பதில்: சேராதீர்கள். வகுப்பு நன்றாக நடக்கிறதா என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள்கூட வேலை பார்க்காதவருக்கு இரண்டு வருடம் பார்த்ததாகக் கடிதம் தயார் செய்கிற இடம் அது. அப்படிப்பட்டவர்கள் வேலை வாங்கித் தருவதாகச் சொல்வதை மட்டும் எதை வைத்து நம்புவது?

அந்த 'ஏ' விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதைக் காட்டித்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்கள். சிபிசி என்பது ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் தேர்வு. 100 கேள்விகள், நான்கு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ், கோட் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். பாஸ் செய்தவருக்கு வேலை அனுபவம் இல்லையென்றால் சான்றிதழில் 'சிபிசி-ஏ' என்று வரும், ஏ என்றால் அப்ரென்டிஸ், அவ்வளவுதான். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆனதும் வேலை கொடுத்தவரிடம் கடிதம் வாங்கி அனுப்பினால் எடுத்துவிடுவார்கள். குறைந்தது 80 மணி நேர கோடிங் வகுப்பை முறையாக முடித்ததற்குச் சான்று இருந்தால் அதையே ஒரு வருடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிற ஏற்பாடும் அங்கே இருக்கிறது. இத்தனை வழி இருக்கும்போது போலிக் கடிதம் எதற்கு? கம்பெனிகள் பழைய வேலையைச் சரிபார்க்க ஆள் வைத்திருக்கின்றன. சேர்ந்து ஆறு மாதம் கழித்து அந்தக் கடிதம் பொய் என்று தெரிந்தால் வேலை போகும், சான்றிதழும் போகலாம். எழுதிக் கொடுத்த மையத்துக்கு ஒன்றும் ஆகாது. கடிதத்தில் இருப்பது உங்கள் பெயர்.

இன்னொன்று: அந்தத் தேர்வுக்கு இடையில் ஆளே தேவையில்லை. அமைப்பின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்து, நீங்களே கட்டணம் கட்டலாம். குறிப்பிட்ட மையத்தில் படித்திருந்தால்தான் எழுதலாம் என்று எந்த விதியும் கிடையாது. 'எங்கள் மூலமாகத்தான் ஸ்லாட் கிடைக்கும்' என்று யாராவது சொன்னால் அது பொய். தேர்வறையில் 'உதவி' கிடைக்கும் என்று கிசுகிசுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ஏஜென்ட் கூட்டம் பெருகியதற்குத் துறையும் ஒரு காரணம் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃப்ரெஷரை எடுக்க மாட்டோம், அனுபவம் வேண்டும் என்று ஒரு பக்கம், வேலை பார்த்தால்தான் 'ஏ' போகும் என்று இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற பிள்ளைகள்தான் இவர்களுடைய வியாபாரம். போதாக்குறைக்கு வருடா வருடம் உறுப்பினர் கட்டணம், இரண்டு வருடத்துக்கு 36 சிஇயு (தொடர்கல்வி) புள்ளிகள், விலை வைத்த புத்தகங்கள். புதிதாக வருகிறவர்களிடம் இவ்வளவு வாங்கும் அமைப்புகள், போலிக் கடிதம் விற்பவர்களைப் பிடிக்க அதில் பாதி அக்கறையாவது காட்டக் கூடாதா?

சரி, நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்டுவதற்கு முன் பாடம் நடத்தப் போகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'ஓபியில் ஒரு நோயாளி வருகிறார், இருமல், காய்ச்சல். டாக்டர் குறிப்பில் "நிமோனியாவாக இருக்கலாம்" என்று எழுதி எக்ஸ்ரேவுக்கு அனுப்புகிறார். எதை கோட் செய்வீர்கள்?' நிமோனியா என்று பதில் வந்தால் அந்த வகுப்பு வேண்டாம். அமெரிக்க விதிப்படி ஓபியில் சந்தேகத்தைக் கோட் செய்யக் கூடாது, உறுதியாகத் தெரிந்ததை மட்டும்தான் செய்ய வேண்டும். எனவே இருமலுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. ஆடிட்டுக்கு (சரிபார்ப்புக்கு) வரும் சார்ட்களில், அதாவது நோயாளிகளின் மருத்துவ ஆவணங்களில், நான் அடிக்கடி பிடிக்கிற தவறு இதுதான், பார்த்தால் வயிறு எரியும். இல்லாத நோய் ஒன்று அந்த மனிதருடைய ஆவணத்தில் ஏறிவிடுகிறது, பிறகு அதை அழிக்க அவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் அலைய வேண்டும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அரைகுறையாகத் தெரிந்தால் ஆபத்து. அதே நோயாளி ஐபியாக அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் டாக்டர் 'நிமோனியாவாக இருக்கலாம்' என்றே முடித்திருந்தால், அங்கே நிமோனியா இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கோட் செய்ய வேண்டும். காரணம், அந்தச் சந்தேகத்துக்காகத்தான் மருந்தும் படுக்கையும் பரிசோதனையும் செலவாகியிருக்கிறது. ஆனால் டிஸ்சார்ஜ் சமயத்தில் எழுதியிருக்க வேண்டும். இரண்டாம் நாள் குறிப்பில் 'இருக்கலாம்' என்று எழுதி, கடைசியில் இல்லை என்று ஆகிவிட்டால் அது சேராது. ஆஸ்பத்திரியின் பில்லுக்குத்தான் இந்தச் சலுகை; அதே நோயாளிக்கு டாக்டர் தனியாகப் போடும் பில்லுக்கு ஓபி விதிதான். விலக்குக்குள்ளும் ஒரு விலக்கு இருக்கிறது: எச்ஐவி, கோவிட் போன்றவற்றில் ஐபியாக இருந்தாலும் உறுதியானால்தான் கோட். இதைத் தடுமாறாமல் விளக்குகிற ஆசிரியர் கிடைத்தால் அவர் சொல்லும் நேரத்துக்கு வகுப்புக்குப் போங்கள்.

அந்த இருமலை வைத்தே இன்னொரு பொறியையும் காட்டலாம். 'புத்தகம் வாங்க வேண்டாம், எல்லாம் பிடிஎஃப்பாகத் தருகிறோம்' என்பார்கள். அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் இருமலுக்கு வெறும் 'ஆர்05' என்று இருந்தது. 2021 அக்டோபர் 1 முதல் அதைப் பிரித்துவிட்டார்கள், இப்போது எந்த வகை இருமல் என்று குறிப்பில் இல்லாவிட்டால் 'ஆர்05.9' என்று போட வேண்டும். பழைய பிடிஎஃப்பைப் பார்த்து 'ஆர்05' என்று அனுப்பினால் இன்சூரன்ஸ் கிளெய்ம் பணம் தராமல் திரும்பி வரும். நோய்க்கான கோட்கள் ஒவ்வொரு அக்டோபரிலும், சிகிச்சைக்கான சிபிடி கோட்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுகின்றன. சிபிடிக்கு உரிமை அமெரிக்க மருத்துவச் சங்கத்திடம் இருப்பதால் அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஐசிடி-10-சிஎம் பட்டியலும், அதற்கான அதிகாரபூர்வ வழிகாட்டி விதிகளும் அமெரிக்க அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. விதிகள் மட்டும் 100 பக்கத்துக்கு மேல் வரும். வகுப்பைத் தேடுவதற்கு முன் அதை இறக்கி முதல் 20 பக்கத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். தூக்கம் வந்தால் கட்டணம் மிச்சம், ஏனென்றால் வேலையில் சேர்ந்த பிறகு நாள் முழுக்க இதுதான், 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்ற குவாலிட்டி கணக்கோடு, மணிக்கு இத்தனை சார்ட் என்ற டார்கெட்டோடு.

'உலகம் முழுக்கச் செல்லும் சான்றிதழ்' என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். சிபிசி அமெரிக்க டாக்டர் பில்லிங்குக்கானது. பிரிட்டனில் அறுவைச் சிகிச்சைக்கு ஓபிசிஎஸ்-4 என்ற வேறு தொகுப்பும், என்சிசிக்யூ என்ற அவர்களுடைய தேர்வும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஐசிடி-10-ஏஎம். எந்த நாட்டின் சார்ட்டைக் கையாளப் போகிறீர்களோ அதற்கான படிப்புதான் உதவும்.

சில மையங்கள் 'ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட்' என்ற பெயரை ஒட்டி இதே மூன்று மாதத்தை இரட்டிப்புக் கட்டணத்துக்கு விற்கின்றன. அது தனித் துறை: ஆவணங்களைப் பாதுகாப்பது, யாருக்கு எதைக் காட்டலாம் என்று முடிவு செய்வது, தரவின் தரம் பார்ப்பது எல்லாம் அதில் வரும். கோடிங் அதில் ஒரு பகுதி. அதற்கான ஆர்எச்ஐஏ தேர்வை எழுத அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பு கேட்கிறார்கள், மூன்று மாத வகுப்பை வைத்து அங்கே போக முடியாது.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இது. உடலமைப்பும் உடலியங்கியலும் உங்கள் பட்டத்தில் ஓரளவு வந்திருக்கும், அதைத் தூசி தட்டுங்கள். ஃப்ரெஷர்களை எடுத்து உள்ளேயே பயிற்சி தரும் கம்பெனிகளுக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். இப்படி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், பலர் முதல் நாளில் சான்றிதழ்கூடக் கேட்பதில்லை. வேலை கிடைத்த பிறகு, சம்பளத்தில் தேர்வு எழுதுங்கள். அப்படியும் வகுப்பு வேண்டும் என்றால் மாதாமாதம் கட்டுகிற இடமாகப் பாருங்கள், நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? திரும்பக் கேட்டு இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். பட்டச் சான்றிதழின் ஒரிஜினலைச் 'சும்மா ஃபைலுக்கு' என்று கேட்பார்கள். நகல் மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.