பிள்ளை கையில் அடுப்பு எப்போது, வண்டிச் சாவி எப்போது?

ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு முப்பது வருடம் இருந்தவள் என்பதால் பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல என்னை உட்கார வைத்துவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், பத்து வயது மகன் தானே தோசை ஊற்றுவேன் என்று நிற்கிறான். கேஸ் அடுப்புப் பக்கம் விடலாமா?

அடுப்பு மேடை அவன் இடுப்பளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டுகிறது என்றால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அடுத்து, "கேஸ் வாடை வந்தால் என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். "ஃபேனைப் போடுவேன்" என்றால் அவன் இன்னும் தயாராகவில்லை. எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்கு போன் செய்ய வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். இதைத் தடுமாறாமல் சொல்கிறானா, தோசைக்கல்லைக் கொடுங்கள். கொதிக்கிற எண்ணெயும் குக்கரும் அப்புறம். முதல் பத்து தோசை பிய்ந்துதான் வரும், அதை நீங்கள்தான் சாப்பிட வேண்டும்!

மகளுக்கு ஒன்பது வயது. மாதவிடாய் பற்றி இப்போதே சொன்னால் பயந்துவிட மாட்டாளா? வயசுக்கு வந்த பிறகு சொல்லிக்கலாம் என்கிறார் மாமியார்.

சொல்லாமல் விட்டால்தான் பயப்படுவாள். பாவாடையில் கறையைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏதோ பெரிய வியாதி டீச்சர்" என்று பாத்ரூம் வாசலில் அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பயந்ததற்குக் காரணம் ரத்தம் மட்டுமில்லை, யாரும் முன்பே சொல்லாததும்தான்.

மார்பு அரும்பத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். சிலருக்கு ஒன்பது, பத்து வயதிலேயே வந்துவிடுகிறது. அதனால் இதுதான் நேரம். உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். கடையில் நாப்கின் வாங்கும்போது அவளையே எடுத்துவரச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்பாள், அங்கிருந்து பேச்சு தானாக வரும். வீட்டில் ஒன்றைப் பிரித்து உள்ளாடையில் ஒட்டிக் காட்டுங்கள், பள்ளிப் பையில் இரண்டு போட்டு வையுங்கள். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள். அவளுக்கு அண்ணன், தம்பி இருந்தால் அவர்களுக்கும் தெரியட்டும். மஞ்சள் நீராட்டு விழா வைப்பதென்றால் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊரைக் கூட்டி ஃப்ளெக்ஸ் வைப்பது எனக்குப் பிடிக்காது, அது என் சொந்தக் கருத்து.

பையனுக்கு பதினாறு. டியூஷன் போக ஸ்கூட்டர் கேட்கிறான். நன்றாகவே ஓட்டுகிறான்.

கூடாது. 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும். உங்கள் வீட்டில் நிற்பது பெரும்பாலும் 110 சிசியாக இருக்கும், அதற்கு 18 ஆக வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளை கையில் பணம் எப்போது கொடுக்கலாம்?

பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது, எவ்வளவு பணம் வரை என்ற வரம்பை வங்கி வைக்கும். பொங்கல் காசை அதில் போடச் சொல்லுங்கள்.

தாத்தா இறந்தபோது ஐந்து வயது மகளிடம் "தூங்குறார்" என்று சொல்லிவிட்டோம். இப்போது ராத்திரி தூங்கவே மாட்டேன் என்கிறாள்.

அந்த ஒரு சொல்தான் காரணமாக இருக்கும். தூங்கினால் தானும் எழுந்திருக்க மாட்டோம் என்று நினைக்கிறாள் பாவம். "தாத்தா தூங்கலை, செத்துப்போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே பசிக்காது, வலிக்காது, திரும்பி வரவும் மாட்டார். நீ தூங்கினா காலையில எழுந்திருப்பே" என்று நேராகவே சொல்லுங்கள். "எப்ப வருவார்?" என்று நாளைக்கும் கேட்பாள். இந்த வயதில் சாவு முழுசாகப் புரியாது. அலுத்துக்கொள்ளாமல் அதே பதிலைச் சொல்லுங்கள். கொஞ்ச நாளைக்கு அவள் தூங்கும்வரை பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.